சம்பந்தி முன்னால் ஒரு கப்

போன மாதக் கடைசியில் எங்கள் அண்ணனைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் கப், 'இது மனுஷனே இல்லை' என்று சொல்லிவிட்டது.

நான் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கூடப் பிறந்தவளுக்கு அந்த உரிமை உண்டு. நங்கையா சொல்லியிருந்தாலும் பரவாயில்லை – அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம் – அவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்கிறவர்தான். ஆனால் ஒரு கப்? டீக்கடையில் குடித்துவிட்டுக் கசக்கிப் போடுகிற ரகத்தைச் சேர்ந்த ஒரு சாமான், எங்கள் அண்ணனுக்கு சர்டிபிகேட் கொடுப்பதா?

சரி, முதலில் இருந்து வருகிறேன்.

அண்ணன் பழனிச்சாமி, பள்ளிக்கூட பஸ் டிரைவர். நான் அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். மலையாள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பிரைவேட் பள்ளிக்கூடம். பேர் வேண்டாம், எனக்கு அங்கே இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. காலையில் வேலந்தாவளத்தில் பஸ்ஸை எடுத்து, தென்னந்தோப்பு முக்குக்கு முக்கு நிறுத்திப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். வேகமா? சந்தைக்கு நடத்திப் போகிற மாடு அவர் பஸ்ஸை ஓவர்டேக் பண்ணினதை நானே பார்த்திருக்கிறேன். ஹாரன் அடித்தால் மாடு மிரளும் என்று பின்னாலேயே உருட்டிக்கொண்டு போவார். அப்பேர்ப்பட்டவருக்குத்தான் போதை டெஸ்ட்.

ஆரம்பித்து வைத்தது பெற்றோர் சங்கம். ஜூன் பிறந்தால் இங்கே பள்ளிக்கூடம் திறந்தாக வேண்டும். அதற்கு முந்தின வாரக் கூட்டத்தில், மொபைலில் எதையோ பார்த்துப் பயந்துபோன ஒரு அப்பா எழுந்து, "டிரைவருங்க எல்லாருக்கும் யூரின் டெஸ்ட் எடுக்கணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்கோ டெஸ்ட் என்றால் நாம் கை தட்டத்தானே செய்வோம்?

எங்கள் பிரின்சிபால் மேடம் திருச்சூர்ப் பக்கத்துக்காரர். நல்லவர். சொன்னால் செய்கிறவர். அதுதான் பிரச்சினையே. அடுத்த நாளே ஒரு லேபிலிருந்து ரெம்யா என்கிற பெண்ணை வரவழைத்துவிட்டார். ரெம்யா பை நிறையக் கப்களோடு வந்து இறங்கினாள்.

கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் சாம்பிள் கேட்டால் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போவோம். இது அப்படி இல்லை. மூடி போட்ட கப். உள்பக்கச் சுவரிலேயே பட்டை பட்டையாக டெஸ்ட் ஒட்டியிருக்கிறது. பிடித்து வைத்த சில நிமிஷத்தில் ஒவ்வொரு பட்டையிலும் கோடு விழும். இரண்டு கோடு விழுந்தால் சுத்தம். ஒரு கோடு என்றால் அந்தச் சரக்கு உடம்பில் இருக்கிறது. எனக்கு இது பெரிய குழப்பம். நமக்குத் தெரிந்த ஒரே பட்டையில் இரண்டு கோடு வந்தால்தானே விசேஷம்? இதில் இரண்டு கோடு வந்தால் ஒரு விசேஷமும் இல்லையாம்.

போதாததுக்கு, வெளியே சூடு காட்டுகிற ஒரு ஸ்டிக்கர். பக்கத்து வீட்டு ஆளிடம் கடன் வாங்கிவந்து ஊற்றினால் ஆறிப்போயிருக்கும், மாட்டிக்கொள்வாய். இன்னொரு சின்னப் பட்டை, தண்ணி கலந்திருக்கிறதா என்று பார்க்க. அப்புறம் ஒரு விதி – ஆணுக்கு ஆண் ஒருத்தர் கூடவே நின்று, கொடுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆம்பளைகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு பிரசவத்துக்கும் மாசாமாசம் ஆஸ்பத்திரிக் கக்கூசில், ஒரு கையில் புடவையும் ஒரு கையில் கப்புமாகக் கொடுத்தவள் நான். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். யாரும் எங்களுக்காக மீட்டிங் போடவில்லை.

நின்று பார்க்க யாரைப் போடுவது? மேடம் யோசிக்கவே இல்லை. "குமாரசாமி மாஷ்."

குமாரசாமி வாத்தியார் எங்கள் பி.டி. மாஸ்டர். கழுத்தில் விசில், காலையில் ஐந்து மணிக்கே கிரவுண்டில் ஆள் நிற்கும். ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்கு முன்னால் ஒரு பையன் கட்டைவிரலை நகர்த்தினாலும் வெளியே போ என்பார், சொந்தக்காரப் பையனாக இருந்தாலும் சரி. யாராவது ராத்திரி தூக்கம் வரவில்லை என்று ஸ்டாஃப் ரூமில் முனகினால் போதும், "கிரவுண்டை நாலு சுத்து ஓடுங்க டீச்சர், கட்டையாட்டத் தூங்குவீங்க" என்பார். பொய் சொல்லாத ஆள் என்று ஊருக்கே தெரியும். மேடம் அவரைத் தேர்ந்தெடுத்ததில் தப்பே சொல்ல முடியாது.

மேடத்துக்குத் தெரியாத ஒன்று மட்டும் இருந்தது. குமாரசாமி வாத்தியார் எங்கள் அண்ணனுக்கு சம்பந்தி ஆகப்போகிறவர்.

அண்ணன் மகள் கௌசல்யாவை வாத்தியார் மகனுக்குப் பேசி முடித்திருந்தோம். பொருத்தம் பார்த்தாயிற்று. பையன் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, இரண்டு தட்டு முறுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போயாயிற்று. வைகாசி முடிவதற்குள் வெற்றிலை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஆனால் வெற்றிலை மாற்றுகிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. இது எங்கள் பக்கத்து வழக்கம். விட்டால் கலைத்து விடுவதற்கு ஆளா இல்லை? இரண்டு வீட்டுக்கும் போன் பண்ணி நல்லது சொல்கிற மாதிரியே நாலு வார்த்தை சொல்லுவார்கள், அதோடு முடிந்தது. ஆகவே பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்தால் தெரியாத ஆள் மாதிரி போவார்கள். நானும் வாயே திறப்பதில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் சம்பந்தி என்றால் என்ன தெரியுமா? அவர் வந்தால் லுங்கியோடு இருக்கிற ஆள் உள்ளே ஓடி வேட்டி கட்டிக்கொண்டு வருவார். கால் மேல் கால் போட மாட்டார். சத்தமாக ஏப்பம் கூட விட மாட்டார். அந்த மனுஷனை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு கப் பிடி என்றால் எப்படிப் பிடிப்பார்?

வேண்டாம், வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லலாம்தான். ஏன் என்று கேட்பார்களே. சொல்ல முடியாத காரணம்.

மற்ற டிரைவர்கள் போனார்கள், வந்தார்கள். ஒருத்தர் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து ரெம்யாவைத் திட்ட வைத்தார். அண்ணன் போனார். வெறும் கப்போடு வந்தார்.

"டென்ஷன் வேண்டா சேட்டா, கொறச்சு வெள்ளம் குடிக்கி" என்று ரெம்யா தண்ணி பாட்டிலை நீட்டினாள். குடித்தார். போனார். மறுபடி வெறும் கப்.

நான் ஓரமாகக் கூப்பிட்டு, "என்னுங்ண்ணா?" என்றேன்.

"வர மாட்டேங்குது அம்மிணி."

"கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க."

"கண்ணை மூடினா மட்டும்? பின்னாடி அவரு நிக்கறாரு. மூச்சு விடறது கேக்குது. நாளைக்கு எம்பட புள்ளைய அந்த ஊட்டுக்கு அனுப்போணும்."

கேட் எதிரே இளநீர் வண்டி. எங்கள் ஊரில் எந்த உபாதைக்கும் அதுதான் முதல் வைத்தியம், இதற்கோ கேட்கவே வேண்டாம். ஒன்று வெட்டச் சொன்னார். குடித்தார். இன்னொன்று. வண்டிக்காரர் பாவம், டிரைவருக்கு என்னமோ தாகம் என்று வழுக்கையெல்லாம் வழித்துக் கொடுத்தார். எத்தனை என்று நான் எண்ணவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அண்ணன் நடந்தால் வயிற்றுக்குள் குலுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

கடைசியில் ஒருவழியாகப் போனவர், கப்போடு வந்தார். பத்தாங்கிளாஸ் பாஸான பையன் முகம். வாத்தியார் பின்னாலேயே தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ரெம்யா கப்பை மேஜையில் வைத்தாள். கோடுகள் விழுந்தன. எல்லாப் பட்டையிலும் இரண்டு. அப்பாடா என்று நான் எழுந்தேன். ரெம்யா எழவில்லை. தண்ணி கலந்ததைக் காட்டுகிற அந்தச் சின்னப் பட்டையையும் கையிலிருந்த கலர் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் அட்டையை நீட்டினாள். அட்டையின் அடிமட்டத்தில் கிட்டத்தட்ட வெள்ளையாக ஒரு கட்டம். பட்டையும் அதே வெள்ளை. அதற்கு நேரே இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவள் மெதுவாகத் தமிழாக்கினாள்.

"டீச்சரே... இது மனுஷ்ய சாம்பிள் அல்லன்னு காட்டுது."

அண்ணன் அப்போதும் கப்பைப் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது. அத்தனை இளநீருக்கு வேறு எப்படி இருக்கும்?

மேடம் வந்தார். கப்பைப் பார்த்தார். "பைப்புத் தண்ணியா?" என்றார்.

"சூடு இருக்குதுங்களே மேடம்" என்று ஸ்டிக்கரைக் காட்டினேன். உடம்புச் சூடு சரியாகக் காட்டியது. மேடம் பேசாமல் ஜன்னல் வழியாக மேலே கையைக் காட்டினார். மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணித் தொட்டி. வைகாசி வெயில். எங்கள் ஊரில் அந்த மாதம் குழாயைத் திறந்தால் டீத்தூள் போட்டால் போதும், அடுப்பே வேண்டாம். என் வாதம் அதோடு முடிந்தது.

மேடம் வாத்தியார் பக்கம் திரும்பினார். "மாஷே, நீங்க பார்த்தீங்களா?"

வாத்தியார் விசிலைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை. 'பார்த்தேன்.' அவ்வளவுதான் வேண்டியது.

"பாக்கலைங்க மேடம்" என்றார் வாத்தியார். "கடைசித் தடவை... நானு திரும்பி நின்னுக்கிட்டேன்."

"ஏன்?"

என்ன பதில் சொல்லுவார்? அது மரியாதை. சம்பந்தி கஷ்டப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்கிறார். திரும்பின உடனே இவருக்கு வந்துவிட்டது. அந்த அறையில் காரணம் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். வெற்றிலை மாற்றவில்லையே.

மேடம் பஸ் சாவியைக் கேட்டு வாங்கி மேஜை டிராயரில் போட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, அதற்குள் இன்னொரு தடவை டெஸ்ட் எடுக்கலாம், அதிலும் சரியாகவில்லை என்றால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார். குரலை உயர்த்தவில்லை. அண்ணன் கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸைத் திரும்பிப் பார்க்காமல் என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அப்போது உண்மையிலேயே அழுகை வந்தது.

ஊருக்கு விஷயம் போக எவ்வளவு நேரம் ஆகும்? பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் சாயங்காலம் 'டிரைவர் டெஸ்ட்டில் பெயில்' என்று வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது கஞ்சாவாகியிருந்தது. மறுநாள் கடைவீதியில், அண்ணன் நாலடி தள்ளி நிற்கையில், ஒருத்தர் என்னிடமே, "டீச்சர், உங்க பள்ளிக்கூடத்து பஸ்ஸுல கிலோக் கணக்குல பிடிச்சாங்களாமே?" என்று கேட்டார். அண்ணன் காதில் விழக் கூடாதே என்று பாகற்காய் விலையைக் கேட்டேன்.

வீட்டில் நங்கையா கொதித்துக்கொண்டிருந்தார். "அத்தனை எளநி குடிச்சா எவனுக்குத்தான் தண்ணியாட்டப் போகாது? இதைப் போயி ஒரு டெஸ்ட்டுன்னு..." அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். "அவரு ஒத்தை வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ அம்மிணி. பாத்தேன்னு."

"எப்படிச் சொல்லுவாரு?" என்று அண்ணன் குறுக்கே விழுந்தார். "பாத்தேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அப்ப உங்க வேலை போனாப் பரவால்லையா?"

"வேலை போனா வேற வேலை. அந்த ஊட்டுல இருந்து ஒரு போனும் வரலையே, அதைச் சொல்லு." அண்ணன் செல்போனைத் திண்டில் கவிழ்த்து வைத்தார். "கஞ்சாக்காரன் மகள்னு நெனைச்சுட்டாங்களோ என்னமோ."

அதுதான் விஷயம். வாத்தியார் வீட்டிலிருந்து சத்தமே இல்லை. வெற்றிலைக்கு நாள் குறிக்க வருவதாகச் சொன்ன வியாழக்கிழமை வந்தது, போனது. கௌசல்யா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் துணி மடித்துக்கொண்டே இருந்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் மேலே ஏறியது.

வெள்ளிக்கிழமை காலை நேராகக் கிரவுண்டுக்குப் போனேன். வாத்தியார் சுண்ணாம்பில் ட்ராக் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா கொட்டிப் போயிரும்?"

அவர் நிமிரவில்லை. "பாக்கலையேங்க டீச்சர்."

"பாத்திருக்கலாமில்லீங்க? அதுக்குத்தானே உங்களை நிறுத்தினாங்க."

"எப்படீங்க பாக்கறது?" இப்போது நிமிர்ந்தார். "நாளைக்கு எம்பட ஊட்டு மருமகளோட அப்பன். பந்தியில எனக்குப் பக்கத்துல உக்காரப்போற மனுசன். திரும்பாம இருந்திருந்தா, ஆயுசுக்கும் அவரு எம்பட மூஞ்சியப் பாத்திருப்பாருங்களா?"

"அப்ப போன் பண்ணி அதைச் சொல்றதுக்கு என்னுங்க?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பண்றது? அவரு சாவியைப் புடுங்கினதே என்னாலதானுங்க. அந்த ஊட்டுல இருந்தும் ஒரு போனும் வரலை. சம்பந்தம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு வீட்டிலும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் பண்ணட்டும் என்று. மரியாதை, மரியாதை! இந்த மரியாதையால் ஒரு கல்யாணமே நின்றுபோகும் போல இருக்கிறதே.

"மேடம் வேற ஆளை நிறுத்தறேன்னு சொல்றாங்க" என்றேன். "மலையாளம் சாரை. அவரு நமக்கு ஒண்ணும் சொந்தமில்லை. அப்படியே விட்டுருங்க."

வாத்தியார் சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க" என்றார். "நானு விலகிக்கிட்டா, சம்பந்தத்துல இருந்தே விலகிக்கிட்டேன்னுதான் அவரு நெனைப்பாரு. நானே நிக்கறேனுங்க."

நின்று என்ன பண்ணப்போகிறார் என்று நான் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை ரெம்யா மறுபடி வந்தாள். மேடம், "இந்தத் தடவை இளநீர் கிடையாது" என்று சிரிக்காமல் சொன்னார். நான் வேலை இருக்கிற மாதிரி அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பழைய பரீட்சைப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் சலவை வேட்டி, சலவைச் சட்டை. சம்பந்தி முன்னால் நிற்க வேண்டுமே.

ரெம்யா ஒரு கப்பை எடுத்துப் பேர் ஒட்டி நீட்டினாள். அண்ணன் வாங்கிக்கொண்டார். வாத்தியாரும் கையை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு குடுங்க."

"மாஷுக்கு வேண்டாமே. டிரைவர்ஸுக்குத்தானே?"

"இருக்கட்டும் குடுங்க."

ரெம்யா மேடத்தைப் பார்த்தாள். மேடம் தோளைக் குலுக்கினார். பேர் ஒட்டாத ஒரு கப் வாத்தியார் கைக்குப் போனது. இரண்டு பேரும் கட்டடத்துக்குப் பின்னால் நடந்தார்கள், ஒருத்தர் முன்னே, ஒருத்தர் பின்னே. நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை ரெம்யாதான் சொன்னாள்.

உள்ளே நடந்ததை அண்ணன் அப்புறம் சொன்னார். வாத்தியார் பின்னால் நிற்கவில்லையாம். நேராகப் போய் அண்ணனுக்குப் பக்கத்து மறைப்பில் நின்றுகொண்டாராம். "வேலந்தாவளம் சந்தையில சுவத்தோரம் நாலு பேரு நிக்கறதில்லீங்களா?" என்று சுவரைப் பார்த்தே கேட்டாராம். "மாடு வாங்க வந்தவன், விக்க வந்தவன்... அங்க யாரு யாரப் பாக்கறா? பேசிக்கிட்டே போறதுதான். எனக்கு உங்க கப்பு மட்டும் தெரியுதுங்க. அது போதும் எனக்கு, பாத்தேன்னு சொல்றதுக்கு."

அப்புறம் மாட்டு விலை பேசினார்களாம். காங்கேயம் காளை என்ன விலை போகிறது, போன சந்தையில் மழை வந்து கெடுத்துவிட்டது, அது இது என்று. பேச்சு பாதியில் இருக்கும்போதே அண்ணன் கப் நிறைந்துவிட்டதாம். ஏனோ தெரியவில்லை, எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் என்றால் ஒரு கூச்சமும் கிடையாது.

திரும்பி வந்தார்கள். இப்போது சேர்ந்து. கையில் ஆளுக்கு ஒரு கப், சந்தையிலிருந்து டீ வாங்கி வருகிற மாதிரி. இரண்டையும் மேஜையில் வைத்தார்கள்.

"மாஷே, பார்த்தீங்களா?" என்றார் மேடம்.

"பாத்தேனுங்க மேடம்." சத்தமாகச் சொன்னார். விசில் அடித்த மாதிரி இருந்தது.

எல்லாரும் அண்ணன் கப்பைச் சுற்றி நின்றோம். சூடு சரி. நிறம் நல்ல மஞ்சள். அந்தச் சின்னப் பட்டை அட்டையில் மேல் கட்டத்துக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு பட்டையாக இரண்டிரண்டு கோடு விழுந்தது. ரெம்யா சிரித்தாள். மேடம் டிராயரைத் திறந்து சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்து, "சாரி பழனிச்சாமி" என்றார். அண்ணன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார். மேடத்துக்குப் போன் வந்தது, வெளியே போனார். ரெம்யா முதுகைக் காட்டி நின்று பையைக் கட்ட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நான் இன்னொரு கப்பைப் பார்த்தேன்.

இனிமேல் வருவதை எழுதலாமா என்று வாத்தியாரிடமே கேட்டேன், போன வாரம் வெற்றிலை மாற்றின அன்றைக்கு. யோசித்துவிட்டு, "பேரை மாத்திப் போட்டு எழுதுங்க டீச்சர், நாலு பேரு படிக்கட்டும்" என்றார். மாற்றியிருக்கிறேன். எல்லார் பேரையும். அப்படியும் கண்டுபிடிக்கிற உள்ளூர்க்காரர்கள் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் கப்பில் எல்லாப் பட்டையிலும் இரண்டு கோடு. ஒன்றில் மட்டும் ஒரு கோடு. இரண்டாவது இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எந்தப் பட்டை எதற்கு என்று ரெம்யா முதல் நாளே எனக்குப் பாடம் நடத்தியிருந்தாள். அது தூக்க மாத்திரைப் பட்டை.

கிரவுண்டை நாலு சுற்று ஓடச் சொல்கிறவர். கட்டை மாதிரித் தூங்குவீர்கள் என்கிறவர்.

வாத்தியாரும் பார்த்துவிட்டார். கப் கேட்டு வாங்கியபோது அவருக்கு இது ஞாபகமே இல்லை. சம்பந்தியின் கூச்சம் ஒன்றுதான் மனசில் இருந்திருக்கிறது. விசிலைத் தேடிக் கை கழுத்துக்குப் போனது, அன்றைக்கு விசில் போட்டு வரவில்லை.

"கோயமுத்தூர் டாக்டரு எழுதிக் குடுத்ததுங்க" என்று எனக்கும் கேட்காத மாதிரி முணுமுணுத்தார். "ரொம்ப நாளா... தூக்கமே வர்றதில்லீங்க. ஊட்டுல கூடத் தெரியாது."

யாரிடம் சொல்கிறார்? அண்ணனிடம்தான். ஒரு வாரமாக ஊர் முழுக்கக் கஞ்சாக்காரன் என்று பேர் வாங்கினவரிடம். இவர் சொல்லாமல் விட்ட ஒரே வார்த்தையால் சாவி போன ஆளிடம். எங்கள் அண்ணன் நினைத்திருந்தால் அப்போது எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஒன்றும் வேண்டாம், ரெம்யாவைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் போதும். டாக்டர் கொடுத்த மாத்திரை, தப்பே இல்லை, ஆனால் வாட்ஸ்அப் குரூப்புக்கு டாக்டர் சீட்டு எல்லாம் படிக்க நேரம் கிடையாது.

அண்ணன் அந்தக் கப்பை எடுத்தார். மூலையிலிருந்த வாஷ்பேசினுக்குக் கொண்டுபோனார். கவிழ்த்தார். குழாயைத் திறந்துவிட்டார். சலவைச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு, சம்பந்தி சாப்பிட்ட தட்டைக் கழுவுகிற மாதிரி அந்தக் கப்பை நிதானமாகக் கழுவினார்.

தண்ணிச் சத்தம் கேட்டு ரெம்யா திரும்பினாள். "சேட்டா, அது மாஷோடது இல்லே? ரிசல்ட் நோக்க வேண்டாமா?"

"பாத்துட்டேனுங்க" என்றார் அண்ணன். "மனுசனுதுதான்."